கண்ணாடியைக் கழற்றிய பிறகு

புனேவின் கோர்படியில் எங்கள் குடும்பத்தாரும் திருச்சபையாரும் பேசும் தமிழில் ‘படிச்சுச் சொல்லுங்க’ என்பது ஒரே சொல். படிப்பது ஒரு செயல், சொல்வது வேறொரு செயல் என்று அதைப் பிரித்துப் பார்க்கவேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் நேர்ந்ததில்லை. எனக்கு நேர்ந்தது. அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன். என் தங்கையின் உயிரும் சில வாரங்கள் அங்கேயே அகப்பட்டுக் கிடந்தது.

எங்கள் பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காகப் புனேவுக்கு வந்தவர். அவருக்குப் பின் பிறந்த நாங்கள் அனைவரும் தமிழைக் காதால் கற்றோமேயன்றிக் கண்ணால் கற்கவில்லை. நானும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ராணுவக் கிடங்கு ஒன்றில் ஏவலாளாகச் சேர்ந்து, பின்னர் எழுத்தராக உயர்ந்தவன்தான். சென்னையிலிருந்து வரும் ரயில் பெட்டிகளில் பயணிகள் விட்டுச் செல்லும் செய்தித்தாள்களை, பெட்டிகளைத் துப்புரவு செய்யும் நண்பர் ஒருவர் எனக்காக மடித்து எடுத்து வருவார். அவற்றின் தலையங்கங்களை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தே தமிழ் எழுத்தைக் கற்றேன். அச்சிலிருந்து கற்றதால் என் பேச்சும் அச்சைப்போலவே அமைந்துவிட்டது. கறிக்கடையில் நின்று நான் அரைக் கிலோ கேட்டாலும் செய்தி வாசிப்பதுபோல இருக்கிறது என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தகுதியால்தான் எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையின் பாடம் வாசிக்கும் பொறுப்பு பல்லாண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. பாடம் வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. வேதத்தில் எந்த ஆகமம், எந்த அதிகாரம், எந்த வசனம் என்று முதலில் அறிவிக்கவேண்டும். பின்னர் எழுதியிருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கவேண்டும். இறுதியில், பாடம் இத்துடன் முடிவுறுகிறது என்று சொல்லி இறங்கவேண்டும். வாசிப்பவன் பேசுகிறவன் அல்லன் என்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது என்று நான் எண்ணியிருந்தேன். வீட்டில் எதை வாசித்தாலும் அந்த முறையையே கைக்கொண்டேன். கண்ணாடியை அணிந்துகொண்டு வாசிப்பேன். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்த பிறகே என் கருத்தைச் சொல்வேன்.

என் தங்கை விஷ்ராந்த்வாடியில் தனியாக வசிக்கிறாள். கணவரை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் நகரின் மறுகோடியான பாணேரில், கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். என் தங்கைக்குப் பேருந்துப் பலகையில் உள்ள மராத்தி எழுத்து மட்டும் தெரியும். மற்ற எல்லாக் காகிதங்களையும், வங்கியிலிருந்து வருவதானாலும் மருத்துவமனையிலிருந்து வருவதானாலும், இத்தனை காலமும் அவளுக்குப் படித்துச் சொன்னவன் நான். அவளுக்கு ரத்த அழுத்தம் அதிகம். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதையும் அவளுக்குப் படித்துச் சொன்னவன் நான்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் ஆலயக் கூடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கைபேசியில் வரும் செய்திகளில் மெய் எது பொய் எது என்று பகுத்தறிவது பற்றி ஒரு மாலை பேசினார். இளைஞர்களுக்காக ஏற்பாடான கூட்டம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் என் வயதினர். செய்தி எங்கிருந்து புறப்பட்டது, சொன்னவர் யார், எப்போது சொன்னது, அதை வேறு எவரேனும் உறுதி செய்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். பிறகு, நமக்கு வேண்டியவர்கள் ஒரு பொய்யை நம்பினால் எடுத்த எடுப்பிலேயே பொய் என்று சொல்லாதீர்கள், அந்தச் செய்தியில் எது அவர்களைப் பற்றிக்கொண்டது என்று முதலில் கேளுங்கள் என்றார். முற்பகுதி என் மனத்தில் ஆழப் பதிந்தது. அது நான் பாடம் வாசிக்கும் முறையேயல்லவா? பிற்பகுதியைத் தலையசைத்துக் கேட்டேன். அவ்வளவுதான்.

அதன்பின் எங்கள் குடும்பக் குழுவில் நான் ஒரு காவற்காரனானேன். நாளை முதல் நகரத்தில் குடிநீர் வராது என்று வந்த செய்தி வேறொரு நகரத்தைப் பற்றியது, அதுவும் பழையது என்று எடுத்துக்காட்டினேன். வெள்ளத்தில் முதலை நீந்துவதாக வந்த படத்தில் கடைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று கேட்டு வாயடைத்தேன். உறவினர்கள் என்னை மெச்சினார்களா, என்னிடமிருந்து தப்பிக்கப் பார்த்தார்களா என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் செய்தி வந்த காலையில் என் மனைவி கூடத்தில் அமர்ந்து மேத்தி என்னும் வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து அவளுடைய உறவுக்காரப் பெண் தமிழில் நீண்டதொரு செய்தியை அனுப்பியிருந்தாள். தமிழ் எழுத்து என் மனைவிக்கும் தெரியாது. கைபேசியை என் முன்னால் நீட்டி, படித்துச் சொல்லும்படி கேட்டாள். கண்ணாடியை அணிந்துகொண்டேன். ரத்த அழுத்த மாத்திரையே ஒரு நோய், அதை உடனே நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் முருங்கைக்கீரைக் கஷாயம் அருந்தினால் போதும், மருந்து விற்பவர்கள் இதை மறைக்கிறார்கள் என்று மூத்த மருத்துவர் ஒருவர் கூறியதாக எழுதியிருந்தது. மருத்துவர் யார், எந்த ஊர் என்ற விவரம் ஏதும் இல்லை. நான் அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை நிறுத்தி, அழுத்தம் கொடுத்து, உச்சரிப்பில் குறையின்றி வாசித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினேன். ஊரும் பெயரும் இல்லாத மருத்துவர் மருத்துவரே அல்லர் என்றும், இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது என்றும் விரிவாக எடுத்துரைத்தேன். என் மனைவி கீரைக் காம்புகளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். அந்த விஷயம் அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, சற்றுத் தள்ளி நின்ற இரண்டு பெண்மணிகளில் ஒருவர் தம் கைபேசியில் ஏதோ ஒரு குரலை மற்றவருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னணியில் மெல்லிய இசை ஒலித்தது. அதன்மேல் ஓர் ஆண்குரல் நிதானமாகப் பேசியது. பொருள் காதில் விழுவதற்கு முன் உச்சரிப்பு விழுந்தது. ழகரம் எத்தனை சுத்தமாக இருக்கிறது, இந்தக் காலத்தில் இப்படி யார் பேசுகிறார்கள் என்று வியந்தேன். அவரைச் சந்திக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். ‘வெறும் வயிற்றில்’ என்ற இடத்தில் அந்தக் குரல் ஒரு மூச்சு இழுத்தது. அது என் மூச்சு.

"பெரிய டாக்டராம், மெட்ராஸ்ல. கேளுங்க பிரதர், உங்களுக்கும் பிரஷர் உண்டுல்ல?" என்று அந்தப் பெண்மணி என்னிடமே கைபேசியை நீட்டினார்.

என் குரல் முருங்கைக்கீரையைப் பரிந்துரைத்து முடித்தது. அதன்பின் இசை மட்டும் தொடர்ந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிப் பேசிய பகுதி அதில் இல்லவே இல்லை. அந்தக் குரல் என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் குரலும் கொஞ்சம் அதைப்போலத்தான் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்.

வீட்டிற்கு வந்து மனைவியிடம் விசாரித்தேன். அவள் எதையும் மறைக்கவில்லை. என் தங்கைக்கும் எழுத்து தெரியாதே, அவளுக்கும் கேட்கட்டுமே என்று, நான் வாசிக்கும்போதே கைபேசியின் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாளாம். விரலை எடுத்தவுடன் அது தானே போய்ச் சேர்ந்துவிடும்.

"விரலை ஏன் எடுத்தாய்? நான் பேசி முடிக்கவில்லையே."

"நீங்க கண்ணாடியக் கழட்டிட்டீங்க. கண்ணாடியக் கழட்டுனா பிரசங்கம் ஆரம்பம்னு எனக்குத் தெரியாதாங்க? பிரசங்கத்தையுமா அனுப்புவாங்க?" என்றாள். சற்றுப் பொறுத்து, "முருங்கக்கீரதானே, அதுல என்ன கெடுதல்னு நெனச்சேன்" என்றாள்.

என் தங்கை அதைத் தன் சபைப் பெண்கள் ஐக்கியக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கோ யாரோ இசையைச் சேர்த்திருக்கிறார்கள். இப்படியாக, செய்தியின் தோற்றுவாயைத் தேடிப்போ என்று கற்ற நான் தேடிப்போய், என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் வந்து நின்றேன்.

அடுத்த நாள் பாணேரிலிருந்து தங்கை மகள் அழைத்தாள். தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசும் பெண். அன்று தயக்கம் இல்லை. "மாமா, அம்மா கோலி எடுக்கறதே இல்ல. நேத்து வந்து மெஷின்ல பாத்தேன், ரொம்ப ஹை. டாக்டர்ட்ட போலாம்னா வரமாட்டேங்கறா. மாமா சொல்லிட்டாங்க, வேண்டாம்னு சொல்றா. நீங்க ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

எங்கள் வீடுகளில் மாத்திரைக்கு இந்திச் சொல்லான கோலிதான் வழங்குகிறது. நான் மட்டுமே அதைத் திருத்துவது வழக்கம். அன்று திருத்தவில்லை. நான் சொல்லவில்லை, வாசித்தேன் என்று விளக்கத் தொடங்கினேன். மறுமுனையில் அவள், இரண்டிற்கும் என்ன வித்தியாசம் என்று மெய்யாகவே தெரியாமல் கேட்டாள்.

ஆட்டோ பிடித்து விஷ்ராந்த்வாடிக்குப் புறப்பட்டேன். கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். முன்னால் வண்டிகள், பின்னால் வண்டிகள், இரு பக்கமும் இருசக்கர வாகனங்கள். இறங்கி நடக்கவும் வழியில்லை. ஒரு சரக்கு ரயில் வந்து, கேட்டைப் பாதி கடந்து, நடுவிலேயே நின்றுவிட்டது. அந்த வெப்பத்தில் என் வாதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். சொன்னவர் யார் என்று கேள், என்று அவளிடம் சொல்லலாம். நான்தான். அவரை நம்புவதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கச் சொல்லலாம். நாற்பது ஆண்டுக் காலம் அவளை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை என்பதே ஆதாரம். அந்தக் குரல் வெட்டப்பட்டது என்று சொல்லலாம். அவளுக்கு வந்தது வெட்டப்படாத, இசை சேராத முதல் பிரதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகமே எதிரே நின்றது.

தங்கை கதவைத் திறந்தபோது நன்றாகவே இருந்தாள் என்பது என்னை மேலும் கலங்க வைத்தது. கன்னத்தில் சற்றுச் சிவப்பு. சமையலறையில் முருங்கைக்கீரை வெந்த வாசனை. மாத்திரை டப்பா குளிர்பெட்டியின்மேல், நிரம்பியபடியே இருந்தது.

நான் உட்காரவில்லை. அது பொய்ச் செய்தி என்றேன். ஆசிரியை செய்யவேண்டாம் என்று சொன்னதையே முதலில் செய்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"பொய்யா இருந்தா நீங்க ஏன் அண்ணே சொன்னீங்க?"

"நான் சொல்லவில்லை, அம்மா. அதில் எழுதியிருந்ததைப் படித்தேன்."

"படிச்சுச் சொன்னீங்க."

"படித்தேன். சொன்னது அதற்குப் பிறகு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு. அது உனக்கு வரவில்லை."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரில கெடந்தப்போ அந்தப் பேப்பரப் படிச்சுச் சொன்னது யாரு? நீங்க. இனி பொழைக்கமாட்டாங்கன்னு நீங்க படிச்சுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் என் மூஞ்சியக்கூடப் பாக்கல. பேங்க் பேப்பர்ல கைநாட்டு வைக்கச் சொன்னது யாரு? இத்தன வருசமா நீங்க படிச்சுச் சொன்னதக் கேட்டுத்தான் நான் நடக்குதேன். இப்ப வந்து படிச்சது வேற, சொன்னது வேறங்கீங்க. அப்போ முன்னாடி சொன்னதுல எல்லாம் எது எது அண்ணே?"

இந்தக் கேள்விக்கு அந்த ஆசிரியையின் பேச்சில் விடை இருந்ததாக எனக்கு நினைவில்லை. உண்ணச் சொன்னாள், உண்டேன். மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி, டப்பாவிலேயே போட்டு மூடினாள். நான் குழப்பத்தில் இருப்பதாகவும், வயதாகிவிட்டால் சொன்னது மறந்துபோவது இயல்புதான் என்றும் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

வீடு திரும்பியதும், முறைப்படி ஒரு மறுப்பு வெளியிட முடிவு செய்தேன். மனைவி பொத்தானை அழுத்திப் பிடிக்க, கண்ணாடி அணியாமலேயே, என் பெயரையும் ஊரையும் சபையையும் கூறி, பரவிவரும் குரல் என்னுடையதே என்றும், நான் மருத்துவன் அல்லன் என்றும், அது வாசிக்கப்பட்டதேயன்றி என் கருத்தன்று என்றும், எவரும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது என்றும் பேசினேன். நான் முடித்ததாக வாய்விட்டுச் சொல்லும் வரை அவள் விரலை எடுக்கவில்லை. குடும்பக் குழுவில் இரண்டொருவர் கைகூப்பும் படத்தை இட்டார்கள். வெளியூர்களுக்கு எவரும் அனுப்பியதாக அப்போது தெரியவில்லை. தங்கையிடம் கேட்டதற்கு, அண்ணியின் வற்புறுத்தலால் நான் பேசியது போல இருக்கிறது என்றாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் சென்றிருக்கும். தூத்துக்குடியிலிருந்து அதே உறவுக்காரப் பெண் தமிழில் மற்றொரு செய்தி அனுப்பினாள். என் மனைவி கைபேசியை என்னிடம் நீட்டினாள். கண்ணாடியை அணிந்துகொண்டு வாசித்தேன். எல்லாரும் எச்சரிக்கையாக இருக்கவும், முருங்கைக்கீரை பற்றிப் பேசிய பெரிய மருத்துவரின் குரலைப் போலவே பேசி ஒரு போலி ஆசாமி மறுப்பு வெளியிட்டிருக்கிறான், அவன் மருந்துக் கம்பெனியின் ஆள், மருத்துவரின் பழைய குரலே உண்மையானது என்று எழுதியிருந்தது. அதையும் நான் கூட்டாமல் குறைக்காமல் இறுதி வரை வாசித்தேன். வேறு எப்படி வாசிப்பது? கண்ணாடியைக் கழற்றியபோது என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. என் மனைவி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பாடம் வாசிப்பதிலிருந்து சில காலம் என்னை விடுவிக்கும்படி ஐயரவர்களிடம் விண்ணப்பித்தேன். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றே அழைப்போம். என் குரலைக் கேட்கும்போதெல்லாம் சபையாருக்குக் கீரை நினைவு வரும் என்றேன். வேறு யார் வாசிப்பார்கள் என்று அவர் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். சபை நிரம்ப மனிதர்கள் இருந்தார்கள். தமிழைத் தடையின்றி வாசிக்க ஒருவரும் இல்லை. அந்த ஞாயிறும் நானே ஏறி நின்றேன். அதிகாரத்தையும் வசனத்தையும் அறிவித்தபோது, இதையெல்லாம் எவராவது இதற்கு முன் செவிகொடுத்துக் கேட்டிருப்பார்களா, அல்லது பாடம் தொடங்கும் வரையிலான கனைப்பு என்றே கருதியிருப்பார்களா என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

அந்த ஆராதனையில்தான் நான் மற்றொன்றையும் கவனித்தேன். அன்று என் தங்கை எங்கள் ஆலயத்திற்கு வந்திருந்தாள். பாடகர் குழுவில், பின் வரிசையில் நின்று பாடினாள். அதற்கு முன் அவள் பாடி வெகுகாலம் ஆகியிருந்தது. எழுத்து தெரியாதபோதும் எல்லாப் பாட்டுகளும் அவளுக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் மேல் சுரத்தில் அவளைத் தொட்டுப் பாட இங்கே ஆளில்லை. ஏன் நிறுத்தினாள் என்று நான் கேட்டதே இல்லை. வயது என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே மீண்டும் விஷ்ராந்த்வாடிக்குச் சென்றேன். கேட் அன்றும் மூடித்தான் இருந்தது. ஆனால் அன்று வாதம் எதையும் நான் அடுக்கவில்லை. ஆசிரியை சொன்னதில் நான் தலையசைத்துவிட்டு மறந்த பிற்பகுதி மட்டுமே நினைவில் இருந்தது. இம்முறை உட்கார்ந்தேன். அந்தக் கீரைச் செய்தியில் எது அவளுக்குப் பிடித்தது என்று கேட்டேன்.

வெளியே ஆளந்தி சாலையில் பேருந்துகளின் ஒலிப்பான் ஓயவே இல்லை. எழுந்து சென்று சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கோலி நல்லதில்லன்னு யாராச்சும் சொல்லமாட்டாங்களான்னு இருந்தேன்" என்றாள். "அந்தக் கோலி ஆரம்பிச்சதுலேர்ந்து வறட்டு இருமல் அண்ணே. பாட்டுக்கு மூச்சு எடுத்தா போதும், வந்துரும். ஒருநா ஆராதன நடுவுல இருமி இருமி, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மாஸ்க் போடச் சொன்னாங்க ஒருத்தங்க. அதோட பின்னாடி போய் உக்காந்துட்டேன். கோலிய விட்டதும் இருமல் நின்னுருச்சு. பொய்ங்கீங்க. எனக்கு நின்னுருச்சே."

நான் மெய் பொய் என்று எத்தனையோ செய்திகளைச் சோதித்திருக்கிறேன். அந்தப் பொய்க்குள் இவளுடைய மெய் ஒன்று குடியிருக்கிறது என்பதை மட்டும் சோதிக்கத் தவறினேன். இருமலை மருத்துவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். மருத்துவர் மராத்தியில் விரைவாகப் பேசுவாராம். காகிதத்தை எழுதி நீட்டிவிடுவாராம். காகிதத்தை நான் படித்துச் சொல்லுவேன். அதில் இருமலைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியில்லாததை நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

அன்று மாலையே, மகளும் பாணேரிலிருந்து வந்து சேர, மூவருமாக மருத்துவரிடம் சென்றோம். அழுத்தம் அபாயமான அளவில் இருந்தது. அவர் கடிந்துகொண்டார். ஆயினும் இருமலைப் பற்றி மகள் சொன்னவுடன் அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த வகை மாத்திரை சிலருக்கு அப்படிப்பட்ட வறட்டு இருமலைத் தருவதுண்டு, முன்பே சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன், ஒருபோதும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று இந்தியில் நிதானமாகவே சொல்லிவிட்டு, வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கீரையைப் பற்றிக் கேட்டதற்கு, கறியாகச் சமைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல என்றார்.

வெளியே வந்ததும் தங்கை அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினாள். மருத்துவர் தம் வாயாலேயே அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். அதனால் இனி என்னிடம் நீட்டமாட்டாள் என்று எண்ணியிருந்தேன். "படிச்சுச் சொல்லுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற மகள் ஆங்கிலத்தில் அதை என்னைவிட விரைவாக வாசிப்பாள். மகளே அதைச் சொல்லிச் சீட்டை வாங்கக் கையை நீட்டியும் பார்த்தாள். தங்கை சீட்டை விடவில்லை.

இவையெல்லாம் நடந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. புது மாத்திரையில் இருமல் பெரும்பாலும் இல்லை. எப்போதாவது ஒன்றிரண்டு வருகிறது. அது பழைய இருமலா புதியதா என்று அவளுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் மாத்திரையையும் சந்தேகிக்கிறாள். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. தினமும் காலையில் அவள் அழைப்பாள். நான் சொன்ன பிறகே விழுங்குவாள். வெளியூரில் இருக்கும் எங்கள் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவரலாம் என்று என் மனைவி ஆசைப்பட்டபோது, அங்கே தொலைபேசித் தொடர்பு சரியாகக் கிடைக்குமா என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது. எனக்குச் சளி பிடித்துக் குரல் கம்மினால்கூட அன்று விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு நாள் நான் இல்லாது போனால் என்று நினைக்கும்போது, என் சாவைக் காட்டிலும் அவளுடைய டப்பாவே கண்முன் வருகிறது. மகள் சொன்னால் கேட்கலாமே என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். மகள் சொல்வாள், ஆனால் படித்துச் சொல்லமாட்டாள் என்பது தங்கையின் பதில். அந்தச் சொல்லை அவிழ்க்க நான் செய்த முயற்சி எல்லாம் அதன் முடிச்சை இறுக்கியதில் முடிந்திருக்கிறது.

பழைய குரலும் நிற்கவில்லை. சென்ற வாரம்கூட, கிடங்கில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதை எனக்கே அனுப்பி, நல்ல தமிழ், கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். எத்தனை வீடுகளில் எத்தனை டப்பாக்கள் நிரம்பியபடி இருக்கின்றனவோ, அந்த வீடுகளின் வாசல் எனக்குத் தெரியாது. அவருக்கு விரிவாகப் பதில் எழுதினேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்.

இன்று காலையிலும் தங்கை அழைத்தாள். நான் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தேன். அண்ணி நலமா என்றாள். மழை வருமா என்றாள். பின்னர் நாள்தோறும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"கோலி போடணுமா அண்ணே?"

"போடவேண்டும்."

"கண்ணாடி போட்டிருக்கீங்களா, கழட்டிட்டீங்களா?"

அவளால் என்னைப் பார்க்க முடியாது. ஆயினும் நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"கழற்றிவிட்டேன்."

"அப்ப சரி" என்றாள். டப்பா திறக்கும் சத்தமும், தண்ணீர் குடிக்கும் சத்தமும் கேட்டன. அவள் அழைப்பைத் துண்டிக்கும் வரை, எழுத்துகள் மங்கித் தெரிந்த அந்தத் தாளைப் பார்த்தபடி காத்திருந்தேன்.